மீனா ஊருக்குப் போகவில்லை

1

என் மகள் ரூத் சினிமாவில் சேர்ந்துவிட்டாள் என்று சித்தூரில் பேச்சு அடிபடுகிறதாம். தம்பி தாசு எழுதியிருக்கிறான். போன மாதம் இங்கே கோபே துறைமுகத்துக்கு வந்த வேலூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்போது டிவியில் ரூத்தின் முகம் வந்தது. அவர் காட்பாடியில் இறங்குவதற்குள் அவள் நடிகையாகிவிட்டாள் போலிருக்கிறது. "பாஸ்டரே கேட்டுட்டாருக்கா. நான் இன்னான்னு சொல்றது?" என்று கடிதத்தை முடித்திருந்தான் தாசு.

ஆளுக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு நேரமில்லை. நம் சபைப் பத்திரிகையில் இடம் கொடுத்தால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன் என்று ஆசிரியரைக் கேட்டேன். சரி என்றார்.

நாங்கள் ஜப்பானுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. என் கணவர் சாமுவேலுக்குக் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. ரூத்தை ஒரு வயதுக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். இப்போது அவளுக்குப் பதினொன்று. காலையில் அவர் லஞ்ச் டப்பாவோடு ஆறரை ரயிலைப் பிடிப்பார். அவள் சிவப்புத் தோல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் நடந்து பள்ளிக்கூடம் போவாள். நான் துணியை உலர்த்திவிட்டு மீன் கடைக்குப் போவேன். எங்கள் நாள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

நான் தமிழில் கேட்டால் ரூத் ஜப்பான் மொழியில் பதில் சொல்லத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. நான் திட்டினால் மட்டும் தமிழுக்கு வருவாள்.

2

மாங்கா என்று ஒன்று இருக்கிறது. முதல் முறை இதைப் பற்றி ஊருக்கு எழுதியபோதே வம்பாகிவிட்டது. "ரூத் எந்நேரமும் மாங்காவும் கையுமாகவே இருக்கிறாள்" என்று எழுதினேன். அம்மா சொல்லித் தாசு எழுதிய பதில் வந்தது: "பச்ச மாங்கா அத்தினி துன்னா வயித்தால போவும். உப்பு மொளகா தொட்டுக்கினு ரெண்டு துண்டோட நிறுத்தச் சொல்லு. அங்க இன்னா ஜாதி கெடைக்குது, பெங்களூராவா?"

மாங்கா என்பது படக்கதை. இங்கே குழந்தைகள், ஆபீஸ் போகிறவர்கள், கிழவர்கள் எல்லோரும் ரயிலில் அதைத்தான் படிக்கிறார்கள். ரூத்துக்கு உயிரான கதையின் பெயர் 'எங்கள் ஏற்றத் தெரு'. பெண் குழந்தைகளுக்கான மாதப் பத்திரிகையில் தொடராக வந்து, பிறகு ஒன்பது புத்தகமாகியிருக்கிறது. எழுதி வரைந்தவர் இந்த ஊர்ப் பெண்மணி. கோபே மலைச்சரிவில் ஒரே தெருவில் வசிக்கும் நான்கு சிறுமிகளின் கதை. டோக்கியோவிலிருந்து புதிதாக வரும் ஒருத்திக்கு இந்த ஊர்ப் பேச்சு புரியாது. அவளுக்கு அதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவள் மீனா. அந்த மீனா, கப்பல் வேலைக்கு வந்த ஓர் இந்தியனின் மகள்.

ஊர்ப் பேச்சு என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் 'தின்றுகொண்டிருக்கிறேன்' என்பதை நாம் 'துன்னுக்கினு கீறேன்' என்கிறோமே, அதேபோல டோக்கியோவில் 'தபேத்தெரு' என்பதை இவர்கள் 'தபேத்தோ' என்பார்கள். நம் 'கினு' வருகிற இடத்தில் எல்லாம் இவர்களுக்கு ஒரு 'தோ'. புத்தகத்தில் மீனாவின் வாயில் அந்தத் 'தோ' துள்ளும். ரூத்தும் அப்படித்தான் பேசுவாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மீன்காரர் மகளுக்கும் அவளுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதனால், இந்தக் கட்டுரையில் ரூத் பேசும் கோபே பேச்சை நம் சித்தூர்ப் பேச்சாகவே எழுதப்போகிறேன். அதைவிடச் சரியாக அதை மொழிபெயர்க்க எனக்குத் தெரியவில்லை.

3

அந்தப் படக்கதையை மனிதர்களை நடிக்க வைத்து டிவி தொடராக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது ரூத் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் அல்ல, பயத்தில். "புக்குல கீற மாதிரியே எடுப்பாங்களாமா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கென்ன தெரியும்?

மூன்றாவது வாரம் மோரி என்ற பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். டிவி கம்பெனியில் உதவி டைரக்டர். இந்த ஊரில் இந்தியச் சிறுமிகள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? பள்ளிக்கூடத்தில் விசாரித்து வந்திருந்தாள். ரூத் அவளுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, மூன்றாம் புத்தகத்தில் மீனா சொல்லும் வசனத்தை நின்ற இடத்திலேயே சொன்னாள். மோரிக்குக் கண் கலங்கிவிட்டது. "உயிரோடு மீனாவைப் பார்க்கிறேன்" என்றாள்.

என் கணவருக்கு உள்ளூர விருப்பம்தான். ஆனால் நாங்கள் இங்கே தங்கும் அனுமதியை அடுத்த பங்குனியில் புதுப்பிக்க வேண்டும். அதில் ஏதும் சிக்கல் வந்துவிடக்கூடாது என்று பயம். "கவர்மெண்ட் ஆபீஸ்ல கேட்டுக்கினு வா எஸ்தரு. அவங்க சரின்னா எனக்கும் சரி" என்றார்.

குடிவரவு அலுவலகத்தில் நான்கு படிவங்கள் கொடுத்தார்கள். அந்த அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார்.

"இந்தக் குழந்தை என்ன வேலை செய்யப்போகிறது?"

"இந்தியப் பெண்ணாக நடிக்கிறது."

"குழந்தை இந்தியர்தானே?"

"ஆம்."

"அப்படியானால் நடிப்பு எங்கே வருகிறது?" என்று உண்மையாகவே யோசித்தார். பிறகு 'தொலைக்காட்சி, விடுமுறை நாட்களில் மட்டும்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

படப்பிடிப்புக்கு முந்தைய நாள் ரூத்தின் முடியைச் சீர்செய்யக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. டீச்சருக்குப் போன் செய்து லீவு சொன்னேன். இந்த மொழியில் 'ப்யோயின்' என்றால் ஆஸ்பத்திரி. 'பியோயின்' என்று கொஞ்சம் விரித்துச் சொன்னால் அழகு நிலையம். நான் எதைச் சொன்னேன் என்பது மாலையில் தெரிந்தது. வகுப்பு மொத்தமும் நோயாளிக்கு இங்கே வழக்கமாகக் கொடுக்கும் காகிதக் கொக்குகளைக் கோத்துக்கொண்டு வாசலில் நின்றது. புதிதாக முடி வெட்டிக்கொண்டு கதவைத் திறந்த ரூத், என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பத்து வருடத்தில் என் ஜப்பான் மொழி அவ்வளவுதான் வளர்ந்திருக்கிறது.

4

படப்பிடிப்பைப் பார்த்து நான் அசந்துபோனேன். ரூத் ஒன்பது புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். தெருமுனைத் தபால் பெட்டியின் மேல் சாயம் உரிந்த இடம் படத்தில் உள்ளபடியே இருந்தது. மீனாவின் மஞ்சள் குடையில் ஒரு கம்பி வளைந்திருக்கும், அதையும் வளைத்து வைத்திருந்தார்கள். ஒரு காது மடங்கிய பூனைக்காக மூன்று ஊர் தேடினார்களாம். "எல்லாம் கரெக்டா கீதுமா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தமிழில்தான் சொன்னாள். திட்டாமலே தமிழ் வந்தது.

முதல் இரண்டு நாள் வசனம் இல்லை. குடையோடு ஏற்றத்தில் ஓடுவது, கையசைப்பது, இப்படி. மூன்றாம் நாள்தான் முதல் வசனம். டோக்கியோச் சிறுமி வழி தெரியாமல் நிற்கிறாள். மீனா அவளிடம் போய், "இன்னா, வழி தெரியாம நின்னுக்கினு கீறியா? வா, நான் கூட்டினு போறேன்" என்று கேட்க வேண்டும். ரூத் கேட்டாள். எனக்கு நன்றாகத்தான் பட்டது.

டைரக்டர் டோக்கியோவிலிருந்து வந்திருந்தார். ரூத்தின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, மிகவும் மென்மையாகப் பேசினார்.

"மிக நன்றாகப் பேசினாய். ஆனால் ஒரு சங்கடம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்டால், நாடு முழுக்கப் பார்க்கிறவர்கள் வேறு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். கொஞ்சம் வெளிநாட்டவர் போலப் பேச முடியுமா?"

ரூத்துக்குப் புரியவில்லை. "எப்படி?"

அவர் சுற்றிப் பார்த்தார். தெர்மாஸ் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற என்னைக் கண்டார். சற்றுமுன் நான் அவரிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தேன். முகம் மலர்ந்து, "உன் அம்மா பேசுகிறாரே, அதுபோல" என்றார். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. என்னைப் பார்த்துத் தலைகூடத் தாழ்த்தினார்.

ரூத் என்னைப் பார்த்தாள். ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். நான்கு படிவமும் முத்திரையும் என் பையில் இருக்கின்றன. "சொன்ன மாதிரி பேசிட்டு வா பாப்பா" என்றேன்.

அவள் பேசினாள். "நீ... வழி... தெரியும் இல்லை? நான் வருகிறது உன் கூட." வார்த்தைக்கு நடுவே நான் மூச்சு வாங்குவது, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று கடைசியில் லேசாகச் சிரிப்பது, எல்லாம் அப்படியே இருந்தது. அதுவரை நான் என் குரலை வெளியிலிருந்து கேட்டதில்லை. எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

5

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் எனக்குத் திருப்பதி ஞாபகம் வந்தது.

அறுபதுகளின் நடுவில் ஆசிரியைப் பயிற்சிக்காகத் திருப்பதி ஹாஸ்டலில் இருந்தேன். எங்கள் அறையில் ஆறு பெண்கள், நான் மட்டும் தமிழ். எங்களுக்கு ஒரு தெலுங்கு வாரப்பத்திரிகைத் தொடர்கதை மேல் பைத்தியம். வியாழக்கிழமை பத்திரிகை வந்தால் ஒருத்தி சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் தலை வாரிக்கொண்டே கேட்போம். அதில் ஒரு தமிழ் நர்ஸம்மா வருவாள். அதட்டலான பெண்பிள்ளை. சுத்தமான தெலுங்கில் தாசில்தாரையே கேள்வி கேட்பாள். எனக்கு அவளைத்தான் பிடிக்கும்.

ஆண்டு விழாவுக்கு அந்தக் கதையை நாடகமாகப் போட்டார்கள். நர்ஸம்மா வேடம் எனக்கு. என் கால் தரையில் பாவவில்லை. நாடகத்தை நடத்திய லெக்சரரம்மா முதல் ஒத்திகையிலேயே சொன்னார்: "அரவப் பெண்ணுதானே அவள்? தெலுங்கை உடைச்சுப் பேசு. ஜனங்களுக்குச் சிரிப்பு வேணும்." தமிழரைத் தெலுங்கில் அரவம் என்பார்கள். நான் சித்தூரில் பிறந்தவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தெலுங்கில் படித்தவள். உடைக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

விழாவுக்கு என் அப்பா, நைனா, சித்தூரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் அவர். பாதி நோயாளிகள் தெலுங்கு, பாதி தமிழ். இரண்டு பக்கமும் அவரை நம்மாள் என்றுதான் நினைத்தார்கள். கொட்டகை அதிரச் சிரித்தது. எனக்குப் பரிசாக ஒரு எவர்சில்வர் தட்டு கிடைத்தது.

மறுநாள் காலையில் நைனாவோடு ஸ்டேஷன் வரை நடந்தேன். மொட்டையடித்த தலைகளும் சந்தனமுமாகக் கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அவர் கேட்டார்.

"நீ அப்படியாம்மா தெலுங்கு பேசற?"

"சிரிக்கறதுக்காக நைனா. அவங்கதான் சொன்னாங்க."

"அந்தக் கதைல அந்தம்மா அப்படிப் பேசறாளா?"

"இல்ல."

"ம்." ரயில் வந்து நின்ற பிறகு, படியில் ஏறிக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் சிரிக்கசொல்ல நானும் சிரிச்சிட்டேன். அதான் மனசுக்கு இன்னாவோ மாதிரி கீது."

அவ்வளவுதான் பேசினார். அதன்பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. தட்டு வெகுகாலம் சித்தூர் வீட்டில் இருந்தது. யாரும் அதில் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரூத் எழுந்திருக்க மறுத்தாள். போர்வைக்குள்ளிருந்து, "நான் வரல" என்றாள்.

அவள் அப்பா உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார். "ஒத்துக்கினா முடிச்சிக் குடுக்கணும் கண்ணு. அத்தினி பேரு காத்துக்கினு இருப்பாங்க."

அவள் எழுந்து போய் ஐந்தாம் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் விரித்தாள். நான் இந்த எழுத்தை மெதுவாகத்தான் படிப்பேன். குழந்தைகளுக்கானது என்பதால் பக்கத்தில் எளிய எழுத்தும் இருக்கும். மீனாவின் அம்மா மீன் கடையில் நிற்கிறாள். பேச்சு திக்குகிறது. கடைக்காரப் பையன் அவளைப் போலவே பேசிக் காட்டுகிறான். கடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மீனா கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்கு மூணு பாஷ தெரியும். உனக்கு எத்தினி தெரியும்?" என்று கேட்கிறாள்.

"பாத்தியாமா? மீனா அவங்கம்மா மாதிரி பேசிக் காட்டவே மாட்டா. ஒம்பது புக்குலயும் மாட்டா" என்றாள் ரூத். "நான் பேசிட்டேன்."

"நான்தானே பேசச் சொன்னேன் பாப்பா" என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ரொம்ப நாள் கழித்து.

அவள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். "சரி, எஸ்தரு. போய்ச் சொல்லிட்டு வா. பங்குனி வரசொல்ல பாத்துக்கலாம்" என்றார்.

போனேன். ரூத்தையும் கூட்டிக்கொண்டுதான். மோரி முதலில் பதறினாள், பிறகு டைரக்டரிடம் அழைத்துப்போனாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் அவரைப் பார்த்ததும் கலைந்துவிட்டன. இருந்ததை வைத்துப் பேசினேன்.

"என் பேச்சு, என்னது. மகள் பேச்சு இல்லை. மகள் வளர்கிறது இந்த ஊர். புத்தகம் எழுதுகிறது சரியாக. குடை சரி, பூனை சரி. வாய் மட்டும் சரி இல்லை. தயவுசெய்து."

யாரும் சிரிக்கவில்லை. இது தன்னுடைய முடிவு மட்டும் அல்ல என்றும், மேலே கேட்டுச் சொல்வதாகவும் டைரக்டர் சொன்னார். புறப்படும்போது வாசல்வரை வந்தார். "நான் ஆவோமோரிக்காரன். டோக்கியோவுக்கு வந்த புதிதில் என் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானே ஒன்றரை வருடம் வாயைத் திறக்கவில்லை" என்றார். ஆவோமோரி வடகோடியில் பனி கொட்டுகிற ஊர். அதைச் சொல்லும்போது அவர் பேச்சில் வேறொரு ஓசை எட்டிப் பார்த்தது.

ஒரு வாரம் கழித்து மோரி போன் செய்தாள். வசனத்தை மாற்ற மேலிடம் ஒப்பவில்லை. ரூத்தை வற்புறுத்தவும் அவர்களுக்கு மனமில்லை. எடுத்தவரை போதும், இனி வரவேண்டாம் என்றாள். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். நான்தான் அவளைத் தேற்றினேன், ஆஸ்பத்திரிக்கும் அழகு நிலையத்துக்கும் வித்தியாசம் தெரியாத என் மொழியில்.

தங்கும் அனுமதி பங்குனியில் எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்துவிட்டது. பயந்ததெல்லாம் வீண்.

7

தொடர் சித்திரையில் ஒளிபரப்பானது. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. வேலூர்க்காரர் பார்த்தது முதல் வாரத்தை. அவருக்கு மொழி தெரியாது, முகம் மட்டும்தான் தெரிந்தது. ரூத் என்னைப் போலப் பேசிய இடம் வந்தபோது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினேன்.

நாலாவது வாரம். வகுப்பறை. மீனாவின் நாற்காலி காலியாக இருக்கிறது. டீச்சர் சொல்கிறார்: "மீனா தன் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்." தோழிகள் அழுகிறார்கள். சோகமான இசை. காது மடங்கிய பூனை ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது.

ரூத் எழுந்து நின்றாள். "புக்குல அவ போவவே மாட்டா!" என்றாள். "எங்க போவா? நாடுன்னா எது?" அவளுக்குச் சித்தூர் என்றால் இரண்டு கோடை விடுமுறைகளும், தாசுவின் ஸ்கூட்டரும், சபையில் அவளைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த குழந்தைகளும்தான்.

அன்றன்றைய பகுதி முடிந்ததும் திரையில், பார்ப்பவர்கள் கருத்துச் சொல்ல ஒரு எண் போடுவார்கள். அவள் நேராகப் போய்ப் போனைச் சுழற்றினாள். நானும் அவள் அப்பாவும் தடுக்கவில்லை. எதிர்முனைப் பெண்ணின் குரல் கூடத்துக்கே கேட்டது. வானொலியில் செய்தி வாசிப்பது போன்ற சுத்தமான டோக்கியோப் பேச்சு.

"நிகழ்ச்சியைப் பார்த்ததற்கு மிக்க நன்றி. தங்கள் கருத்தைக் கூறுங்கள்."

"மீனா ஊருக்குப் போயிட்டான்னு சொல்றீங்க. தப்பு. புக்குல அவ போவல."

"ஆம், மூலக்கதையில் சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன. தாங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

"கோபேல இருந்து. ஏற்றத்து மேல, தண்ணித் தொட்டி பக்கத்துல."

"தங்கள் கருத்தைக் குறித்துக்கொள்கிறேன். மீனாவை மிகவும் பிடிக்குமா?"

ரூத் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் அந்த மீனா. டிவில வந்தனே, அது நான்தான். நான் எங்கியும் போவல. இங்கியேதான் இருந்துக்கினு கீறேன்."

எதிர்முனைப் பெண் ரூத்தின் பேச்சைத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தாள் போலும். பிறகு குரல் வந்தது. செய்தி வாசித்த அந்தப் பேச்சு எங்கோ போய்விட்டது. மீன் கடையில், பஸ் நிறுத்தத்தில், எங்கள் தெருவில் நான் பத்து வருடமாகக் கேட்கிற பேச்சு.

"அப்படியா கண்ணு? நானும் அந்தப் பக்கம்தான், கீழத் தெரு. நீ பேசறதக் கேட்டா தெரியாதா? நான் இத எழுதிக்கறேன், நீ சொன்னத சொன்ன மாதிரியே எழுதிக்கறேன். நீ எங்கியும் போவாத. அங்கியே இரு, தெரிதா?"

"சரிக்கா" என்றாள் ரூத்.

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். கண்ணீர் இல்லை, கன்னம் மட்டும் சிவந்திருந்தது. அவள் அப்பா எழுந்து டிவியை அணைத்தார்.

"மா, பசிக்குது" என்றாள், தமிழில். "துன்றதுக்கு இன்னா கீது?"